அப்பா கையில் ஒரு வயலின்

ஐன்ஸ்டீன் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கலைந்த தலைமுடி, நீட்டிய நாக்கு, அப்புறம் அந்தச் சமன்பாடு. வயலின் வாசிப்பார் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் 1933-ல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது, அதைப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஜூரிச் நகரில் ஒரு மனநல மருத்துவமனை. கோட் போட்ட இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கையில் வயலின், வில். பார்வை வேறெங்கோ. இன்னொருவர் குனிந்து காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பாவும் மகனும்தான்!

முதலில் வயலின் கதை. அம்மா பவுலின் நன்றாகப் பியானோ வாசிப்பவர். ஆறு வயசு வாக்கில் பையனை வயலின் கற்க வைத்தார். நம் வீடுகளில் பாட்டு கிளாஸுக்குத் தள்ளிவிடுகிற மாதிரிதான். பையனுக்குப் பிடிக்கவில்லை. 13 வயதில் மொஸார்ட்டின் சொனாட்டாக்கள் மேல் ஆசை வந்த பிறகுதான் நிஜமாகவே கற்க ஆரம்பித்தார். அப்புறம் விடவே இல்லை. வயலினுக்கு 'லீனா' என்று செல்லப் பெயர் வேறு. ஊர் ஊராகக் கூடவே போனாள் லீனா.

வீட்டுக் கதை அவ்வளவு இனிமையாக இல்லை. 1914 ஜூலையில் மனைவி மிலேவா, 10 வயது ஹான்ஸ் ஆல்பர்ட்டையும் 4 வயது எட்வர்டையும் கூட்டிக்கொண்டு பெர்லினிலிருந்து ஜூரிச்சுக்கு ரயிலேறினார். அன்றைக்கு ஐன்ஸ்டீன் அழுதார். ஐயோ பாவம் என்று சொல்வதற்கு முன்னால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சேர்ந்து வாழ வேண்டுமானால் இப்படி இப்படி நடந்துகொள் என்று மனைவிக்கு ஈரமே இல்லாத ஒரு நிபந்தனைப் பட்டியலை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ஏற்கெனவே மனசு எல்சா பக்கம் போய்விட்டிருந்தது.

1919-ல் விவாகரத்து. இனிமேல் நோபல் பரிசு கிடைத்தால் அந்தப் பணம் மிலேவாவுக்கும் பிள்ளைகளுக்கும் என்று ஒப்பந்தம். வராத லாபத்தைக் கணக்கில் எழுதாதே என்பது காமர்ஸ் முதல் வருடப் பாடம். இங்கே வராத பரிசை வைத்தே ஒரு குடும்பத்தைப் பிரித்திருக்கிறார்கள். பரிசு வந்தது. மிலேவா ஜூரிச்சில் வீடுகள் வாங்கினார்.

1915 நவம்பரில், பொதுச் சார்பியல் முடியப்போகிற மாதத்தில், மூத்த மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். டீச்சர் சொல்லிக் கொடுக்காவிட்டாலும் உனக்குப் பிடித்ததைப் பியானோவில் வாசி, நேரம் போவதே தெரியாமல் செய்கிற வேலையில்தான் நிறையக் கற்க முடியும் என்கிற மாதிரி. நேரத்தைப் பற்றி அவர் சொன்னதிலேயே எல்லோருக்கும் புரிகிற விஷயம் இதுதான் போல. அருமையான அப்பா... தபாலில்.

1922 அக்டோபரில் மார்செய் துறைமுகத்திலிருந்து ஜப்பானுக்குக் கப்பல். வழியில் கொழும்பில் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டு, மனிதனை மனிதன் இழுப்பதற்குத் தானும் உடந்தை என்று வெட்கப்பட்டு டைரியில் எழுதினார். அதே டைரியில் ஆசிய மக்களைப் பற்றி எழுதியிருக்கும் சில வரிகள் இன்றைக்குப் படித்தால் முகம் சுளிக்க வைப்பவை. நோபல் செய்தி வந்தபோதும் பயணத்தில்தான் இருந்தார். ஜப்பானிலும் வயலின் வாசித்தார். 1930-ல் தாகூரைச் சந்தித்தபோதும் பேச்சு இசைக்குப் போனது. ஒரு மெட்டை விரித்துப் பாட நம் பாடகர்களுக்கு இருக்கிற சுதந்திரத்தைத் தாகூர் விளக்கினார்.

இளையவன் எட்வர்ட் பியானோவில் கெட்டிக்காரன். மருத்துவம் படித்து மனநல மருத்துவராக ஆசைப்பட்டவன். இருபது வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. எந்தத் துறையில் டாக்டராக நினைத்தானோ அதே துறையின் நோயாளியாக, 1932-ல் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைக்குப் போனான். அப்பா ஜூரிச் வரும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து வாசிப்பது வழக்கம். வாய்விட்டுப் பேச முடியாதவர்களுக்கு அது ஒரு வழி.

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்ததால் ஐன்ஸ்டீன் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. மே மாதம் வயலினோடு மகனைப் பார்க்க வந்தார். அந்தப் படம் அப்போது எடுத்தது. அக்டோபரில் அமெரிக்கா போனவர் மறுபடி ஐரோப்பாவுக்கு வரவே இல்லை. எட்வர்டைப் பார்க்கவும் இல்லை. மகனுக்கு ஏன் எழுதுவதில்லை என்பதற்கு, ஏதோ ஒரு தடை, அதை முழுதாக அலசத் தன்னாலேயே முடியவில்லை என்ற பொருளில் கடைசிக் காலத்தில் ஒருவருக்கு எழுதினார். பிரபஞ்சத்தையே அலசிய மனுஷன்!

வயதானதும் கைவிரல்கள் ஒத்துழைக்காமல் வயலினை வைத்துவிட்டு, பியானோவில் தோன்றியதை வாசித்துக்கொண்டிருந்தார். 1955-ல் இறந்தார். லீனா, ஹான்ஸ் ஆல்பர்ட்டின் மகனுக்குப் போனது. எட்வர்ட் இன்னும் பத்து வருடம் இருந்து, 1965-ல் அதே மருத்துவமனையில் இறந்தார்.