சிவப்பின் உரிமை

ஈழத்து ஓவியத்துக்குத் தனித்துவம் உண்டா, உண்டெனில் அது எங்கே உறைகின்றது என்ற வினா நம்மிடையே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. விடை கூற முற்படுவோரிற் பெரும்பாலோர் ஓவியம் எதைக் காட்டுகின்றது என்பதையே நோக்குகின்றனர். பனை நின்றால் யாழ்ப்பாணம். குவிமாடம் எழுந்தால் முஸ்லிம் பண்பாடு. குத்துவிளக்கு எரிந்தால் சைவத் தமிழ் மரபு. தீட்டிய வண்ணம் எந்த மண்ணில் விளைந்தது, எவருடைய கை அதைத் தோண்டி எடுத்தது என்று கேட்போர் மிகச் சிலர். கலையின் வேரைப் பற்றி ஓயாது பேசும் நாம் வண்ணத்தின் வேரை மறந்துவிட்டோம். வேர் என்று இங்கு நான் உவமையாகச் சொல்லவில்லை.

இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் வழங்கும் சிறு பூண்டு, நமக்கு வடக்கே மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் மணற்பாங்கான நிலத்தில் வளர்வது. சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு உலகப் புகழ் தேடித்தந்த சிவப்பு இதன் வேர்ப்பட்டையில் இருந்தது. வேரை அவித்த மாத்திரத்தில் நிறம் பற்றிவிடாது. துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, படிகாரம் இட்டு, அதன் பின்னரே சாயத்திற் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடத்திலேதான் சிவப்பு ஏறும். ஏறியபின் எளிதில் மங்காது. அத்துணி ஐரோப்பாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் கப்பலேறிற்று.

இவ்வழகிய கதைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. வேர் தோண்டுவதற்கென்றே ஒரு சாதியார் கடமைப்படுத்தப்பட்டிருந்தனர். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் அக்கட்டாய ஊழியத்தைத் தமது வருவாய்க்குப் பயன்படுத்தினர். வெயிலில் மணலைக் கிளறிய அம்மனிதர் தாம் எடுத்த சிவப்பை உடுத்திருப்பாரா? ‘நமது மரபு வண்ணம்’ என்று மேடையில் முழங்குவோர் ‘நமது’ என்ற சொல்லுக்குள் அவரையும் சேர்த்துத்தான் பேசுகின்றனரா?

1868இல் ஜெர்மானிய விஞ்ஞானிகளான கிரேபேயும் லீபர்மானும் அதே சிவப்பின் சாரத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். வேர்ச் சாயத்தின் சந்தை சரிந்தது. சாயவேருக்கே மீண்டும் திரும்பினால் நம் கலை நமதாகிவிடும் என்பாரும் உளர். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். 1943இல் கொழும்பில் தோன்றிய நாற்பத்து மூன்று குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் ஆகியோர் எண்ணெய் வண்ணத்திலேயே இந்நாட்டு வாழ்வைத் தீட்டினர். மேனாட்டு ஊடகம் என்பதற்காக அவர்தம் ஓவியங்களை அந்நியமென ஒதுக்க இயலுமா?

ஆயின் பொருளுக்கும் பண்பாட்டுக்கும் உறவே இல்லையா? இதற்கு எனக்குக் கிடைத்த விடை நூலிலிருந்து வந்ததன்று.

நான் கற்பிப்பது தமிழ். சித்திர ஆசிரியர் இல்லாத தவணைகளில் அப்பாடமும் என்னைச் சேரும். ‘நமது பண்பாடு’ என்ற தலைப்பில் வரையச் சொன்னபோது வழக்கமான விளக்குகளும் குவிமாடங்களும் என் மேசையில் நிரம்பின. ஒரு மாணவி மட்டும் ஒரு வீட்டின் நிலப்படத்தைக் கொண்டு வந்தாள். யாழ்ப்பாணத்து வீடு, அவள் ஒருநாளும் கண்டிராதது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவ்வாறு வந்து இப்புத்தளக் கரையில் குடியேறிய பல்லாயிரம் பேருள் அவளுடைய உம்மம்மாவும் ஒருவர்.

தரை மட்டும் வண்ணமின்றி இருந்தது. காரணம் கேட்டேன்.

“பெட்டியில இருக்கிற சிவப்பு இல்லையாம் சேர். வீட்டுச் சீமெந்துத் தரை வேற சிவப்பாம்.”

மறுவாரம் தரைக்கு நிறம் வந்திருந்தது. உடைந்த ஓட்டுத் துண்டொன்றைத் தாளில் தேய்த்திருந்தாள். எட்டு ஓட்டுத் துண்டுகளைப் பார்த்து, உம்மம்மாதான் தெரிந்தெடுத்தாராம்.

ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தோர் தம் நினைவிலிருந்து வரைந்து தந்த வீட்டுப் படங்களைத் தொகுத்து 2011இல் நூலாக்கினார். முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அதாவது, ஆள்வோர் எழுதி வைத்த உரிமை. இழந்தவர் கையால் வரையும் உரிமை அந்நூலில் இருக்கின்றது. அதைப் பற்றி ஏதும் அறியாத சிறுமியொருத்தி அதே காரியத்தைச் செய்தாள். ஊடகத்தையும் தானே கண்டுபிடித்தாள். அந்த ஓடு புத்தளத்து ஓடு. தரை யாழ்ப்பாணத்துத் தரை. சந்தையில் வாங்கிய எந்தச் சிவப்பும் அவ்விரண்டையும் ஒருங்கே சொல்லியிருக்காது.

போட்டிக்கு அனுப்புவதற்காகப் படத்தைக் கேட்டேன். இன்னும் முடியவில்லை என்று மறுத்துவிட்டாள். கிணறு அந்தப் பக்கம் இல்லை, மாமரத்துக்குக் கிட்ட என்று உம்மம்மா சொல்லியிருக்கிறாராம்.