வாயிற் கட்டணம் 5 டொலர்

கலைஞன் ஒருவனை உரையாடலுக்கு அழைத்தால், அவன் தன் கலையைப் பற்றியே பேசுவான் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். சங்கீத வித்துவானாயின் தன் குருவைப் பற்றியும் சாதகத்தைப் பற்றியும் சொல்வான். நாவலாசிரியனாயின் தன் பாத்திரங்கள் பிறந்த கதையைச் சொல்வான். அமெரிக்காவிலே 1980ஆம் ஆண்டளவில் தோன்றிய ‘ஹார்ட்கோர் பங்க்’ என்னும் இசையியக்கத்தைச் சார்ந்தோரின் நேர்காணல்களைப் படிப்போர்க்கு இந்த எதிர்பார்ப்பு நிறைவேறுவதில்லை. அவர்கள் இசையைப் பற்றிப் பேசுவது சிறிது. நுழைவுச் சீட்டின் விலை, இசைத்தட்டின் உறையை ஒட்டிய பசை, பழைய வான் வண்டிக்கு வார்த்த பெற்றோல், மண்டபத்தின் வாயிலிலே உள்ளே விடப்பட்டவர் யார், திருப்பி அனுப்பப்பட்டவர் யார் என்பனவற்றைப் பற்றிப் பேசுவதே பெரிது.

இவ்வுரையாடல்கள் பல இடங்களிலே சிதறிக் கிடக்கின்றன. 2001ஆம் ஆண்டிலே இவ்வியக்கத்தைப் பற்றிய முக்கியமான சில நூல்கள் அமெரிக்காவில் வெளிவந்தன. 2006இல் ‘அமெரிக்கன் ஹார்ட்கோர்’ என்ற விவரணத் திரைப்படம் வந்தது. அவற்றையும் வேறு பல நேர்காணல்களையும் நாம் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தும் கேட்டும் வந்தோம். இவ்விசை எமது செவிக்கு இனியதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. கேட்கக் கேட்க இனித்தது என்று சொல்லவும் நாம் முன்வரோம். ஆயினும் கலை யாருக்காக என்ற பழைய கேள்வியை விடாது கேட்டுவருகின்ற எமக்கு, இந்த இளைஞர்களின் பேச்சு இசையைக் காட்டிலும் உரத்துக் கேட்டது.

பங்க் இசை 1970களின் நடுப்பகுதியிலே நியூயோர்க்கிலும் இலண்டனிலும் வளர்ந்தது. வாத்தியத்திலே பெருந்தேர்ச்சி இல்லாதவனும் மேடையேறலாம் என்பதே அதன் துணிபு. விரைவிலே பெருங் கம்பனிகள் அதனைக் கைப்பற்றின. அதன் கூர்மையை மழுக்கி, வேறு பெயரிட்டு விற்றன. இதைக் கண்டு வெறுத்த அடுத்த தலைமுறையினர், எவரும் விலைக்கு வாங்க விரும்பாத அளவுக்கு இசையை விரைவாகவும் சுருக்கமாகவும் ஆக்கினர். வொஷிங்டன் நகரத்து ‘மைனர் திரெட்’ குழுவினர் 1981இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ என்ற பாட்டு ஒரு நிமிடத்தைக்கூட எட்டவில்லை. 46 விநாடிகளில் முடிந்துவிடுகின்றது. மதுவும் போதைப் பொருளும் வேண்டா என்று சொன்ன அச்சிறு பாட்டின் பெயரிலே பின்னர் உலகெங்கும் ஓர் ஒழுக்க நெறியே எழுந்தது.

அந்நகரத்துக் கதையே இவ்வுரையாடல்களில் அடிக்கடி வருவது. ‘டீன் ஐடில்ஸ்’ என்ற பெயரோடு சில பாடசாலை மாணவர் ஒரு குழு நடத்தினர். கச்சேரிகளிலே கிடைத்த பணத்தை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. ஒரு சுருட்டுப் பெட்டியிலே சேர்த்துவந்தனர். 1980இல் குழு கலைந்தபோது அதில் ஏறத்தாழ 600 டொலர் இருந்தது. அப்பணத்தைக் கொண்டு, தம் பாட்டுக்கள் எட்டினையும் இசைத்தட்டாக்க முடிவு செய்தனர். அதற்காகவே இயன் மக்காய், ஜெஃப் நெல்சன் முதலானோர் ‘டிஸ்கோர்ட்’ என்ற வெளியீட்டகத்தைத் தொடங்கினர். முதலிலே 1,000 பிரதிகள். உறை எவ்வாறு செய்வதென்று அவர்கட்குத் தெரியாது. ஆதலின் வேறோர் இசைத்தட்டின் உறையைப் பிரித்து விரித்துவைத்து, அதன் கோடுகளைப் பார்த்து வரைந்து, அச்சிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசையிட்டு ஒட்டினர். பின்வந்த தட்டுக்களுக்கும் ஆயிரக்கணக்கிலே இவ்வாறே செய்தனர். அந்த வெளியீட்டகம் இன்றளவும் இயங்குகின்றது. கலைஞரோடு அது ஒப்பந்தப் பத்திரம் எழுதுவதில்லை. செலவு போக எஞ்சும் இலாபத்தைப் பகிர்ந்துகொள்கின்றது.

கையிலே சுமந்து சிற்றேடு விற்ற மரபினரான எமக்கு இக்கதை அந்நியமானதன்று. பசையின் மணத்தை நாமும் அறிவோம். ஆயினும் இதில் வெறும் உழைப்பின் பெருமையைக் காண்பது போதாது. கலைப்படைப்பிலே கருத்து மாத்திரமன்றி உற்பத்தி உறவும் அடங்கியிருக்கின்றது. முதலாளியை ஏசும் பாட்டையும் முதலாளி அச்சிட்டு விற்பான். இலாபம் வருமாயின் அவனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இவ்விளைஞர் அரசியற் பொருளாதாரத்தைப் பாடமாகக் கற்றவரல்லர். எனினும், பாட்டின் சொற்களை மாற்றுவதற்கு முன்னர் அதனை வெளியிடும் முறையை மாற்றவேண்டும் என்பதைக் கைவேலையின் வாயிலாகவே கண்டுகொண்டனர்.

இதே பாடத்தை நாட்டின் மேற்குக் கரையிலே வேறு சிலர் அதிக விலை கொடுத்துக் கற்றனர். கலிபோர்ணியாவின் ‘பிளாக் ஃபிளாக்’ குழுவினர் 1981இல் தம் முதல் நீண்ட இசைத்தட்டைப் பெருங் கம்பனி ஒன்றின் விநியோகத்தோடு வெளியிட முயன்றனர். இது பெற்றோருக்கு எதிரானது என்று கூறி, அக்கம்பனியின் அதிகாரி ஒருவர் மறுத்துவிட்டார். அதனைத் தொடர்ந்த வழக்கினால் நெடுங்காலம் அவர்கள் தம் பெயரிலே புதுத் தட்டு வெளியிட முடியாதிருந்தனர். எனினும் வான் வண்டியிலே ஏறி ஊர் ஊராகச் சென்று பாடுவதை அவர்கள் நிறுத்தவில்லை. அவர்கள் சென்ற வழியே பின்னர் பிற குழுக்களும் சென்றன. யார் வீட்டுத் தரையிலே படுக்கலாம், எந்த ஊரிலே எந்த மண்டபம் கிடைக்கும் என்ற செய்திகள் கைமாறிக் கைமாறி ஒரு நாட்டளவான வலையாயின.

லொஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவிலே தோன்றிய ‘மினிற்மென்’ குழுவினர் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தோர். தமது வாழ்க்கை முறைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘எக்கொனோ’. சிக்கனம் என்பதன் கொச்சைச் சுருக்கம் அது. வாடகை குறைந்த நள்ளிரவிலே, முன்னர் ஒருமுறை பயன்பட்ட நாடாவிலே தம் பாட்டுக்களைப் பதிவு செய்தனர். வாத்தியங்களைத் தாமே சுமந்தனர். பாட்டின் குறுமையும் செலவின் குறுமையும் அவர்களுக்கு ஒரே கொள்கையின் இரு பக்கங்கள். 1985 டிசம்பரிலே அக்குழுவின் பாடகர் டி. பூன் வான் வண்டி விபத்திலே மாண்டார். அவருடைய இளமைத் தோழரும் குழுவின் மற்றோர் உறுப்பினருமான மைக் வொற், பின்வந்த நேர்காணல்களிலெல்லாம் அத்தோழமையைப் பற்றியே பேசிவருகின்றார். சிக்கனம் என்பது அவர் வாயிலே கஞ்சத்தனமாக ஒலிப்பதில்லை. ஏழையும் கலைஞனாக வாழ வகை செய்யும் நெறியாகவே ஒலிக்கின்றது.

இனி வாயிலுக்கு வருவோம். அமெரிக்க நகரங்களிலே இசை நிகழும் சிறு மண்டபங்கள் பெரும்பாலும் மது விற்றே பிழைப்பன. ஆதலின் மதுவருந்தும் வயதை எட்டாதவர்க்கு அங்கே இடமில்லை. இசையோ அவ்வயதினருக்குரியது. டீன் ஐடில்ஸ் மாணவர் 1980இல் கலிபோர்ணியாவுக்குச் சென்றபோது, சான் பிரான்சிஸ்கோ மண்டபம் ஒன்றிலே சிறுவரின் புறங்கையில் மையினாற் பெருக்கற்குறி ஒன்று இடப்பட்டது. அக்குறி உடையவர்க்கு மது கொடுக்கலாகாது என்பது அதன் பொருள். இம்முறையை அவர்கள் வொஷிங்டனுக்குக் கொண்டுவந்து, அங்குள்ள மண்டபத்தாரோடு பேசி இளையோர்க்கும் வாயிலைத் திறப்பித்தனர். விலக்கி வைப்பதற்கு இட்ட குறி சேர்த்துக்கொள்வதற்கான குறியாயிற்று.

மக்காய் பின்னர் மூவரோடு சேர்ந்து நடத்திய ‘ஃபுகாசி’ குழு இதனை ஒரு நியதியாகவே ஆக்கிற்று. எவ்வயதினரும் வரலாம்; கட்டணம் பெரும்பாலும் 5 டொலர். பெயர் பரவிய பின்னரும், ஆயிரக்கணக்கானோர் திரண்ட பின்னரும், கட்டணத்தை அவர்கள் பெருங் குழுக்களின் அளவுக்கு உயர்த்தவில்லை. பெருங் கம்பனிகள் அழைத்தபோதும் போகவில்லை. கூட்டத்திலே ஒருவன் பிறரை அடித்துத் துன்புறுத்தினால் பாட்டை நிறுத்தினர். அவனுடைய 5 டொலரை ஓர் உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினர். 2002ஆம் ஆண்டோடு அக்குழு மேடையேறுவதை நிறுத்திற்று. 2011 முதல் தம் கச்சேரிப் பதிவுகளை வெளியிடத் தொடங்கியபோதும், ஒவ்வொன்றுக்கும் அவர்கள் முன்வைத்த விலை 5 டொலரே.

இவ்வளவும் சொன்ன பின்னர், எவரும் வரலாம் என்ற பெருமொழியை நாம் உரைத்துப் பார்த்தல் வேண்டும். உண்மையிலே யார் வந்தனர்? வொஷிங்டன் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த நகரம். அந்நகரத்து ஹார்ட்கோருக்கு வழிகாட்டியவர்களும் ‘பாட் பிரெயின்ஸ்’ என்ற கறுப்பினக் குழுவினரே. ஜாஸ் கலந்த இசையிலே தேர்ச்சி பெற்ற பின் பங்கிற்கு வந்தவர் அவர். அவர்களைக் கண்டே தாம் கற்றதாக மக்காய் முதலானோர் நன்றியோடு சொல்லிவந்துள்ளனர். ஆயினும் வந்த கூட்டம் பெரும்பாலும் வெள்ளையர் கூட்டம். அதிலும் மத்தியதர வகுப்பினரின் பிள்ளைகளே அதிகம். மைனர் திரெட் 1981இல் வெளியிட்ட பாட்டொன்று, வெள்ளையனாயிருப்பதே குற்றமா என்ற பொருள்படுவது. கறுப்பின மாணவர் மிகுந்த பாடசாலையிலே படித்த ஒருவரின் அனுபவம் அது; இனவெறிக்கு எதிராகவே எழுதியதாக மக்காய் பலமுறை விளக்கியுள்ளார். அவர் உள்ளத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் இனவெறியர் சிலர் அப்பாட்டைத் தமதாக்கிக்கொண்டனர். சரித்திரத்தின் சுமையை விட்டுவிட்டுத் தன் துன்பத்தை மட்டும் பாடுகின்றவனின் சொல், அவன் வெறுக்கின்றவரின் கைக்கும் ஆயுதமாகக் கூடும். அவ்விளக்கங்கள் ஆண்டாண்டாகத் தொடர நேர்ந்ததே இதற்குச் சான்று.

பெண்கள் நிலையும் அவ்வாறே. மேடையின் முன்னே நிகழ்ந்த முட்டலும் மோதலும் அவர்களைச் சுவரோரம் ஒதுக்கின. தோழரின் மேலங்கிகளைக் காத்து நின்றதை நினைவுகூர்வோர் உளர். புகைப்படம் எடுத்தவரும் சஞ்சிகை எழுதியவரும் கச்சேரி ஒழுங்கு செய்தவரும் பெண்களாயிருந்தும், இயக்கத்தின் முகம் ஆணின் முகமாகவே அறியப்பட்டது.

இக்குறைகளை வெளியார் வந்து சொல்லவில்லை. உள்ளே நின்றோரே சொன்னார்கள். 1985 கோடையிலே வொஷிங்டன் குழுக்களிற் சில, வன்முறையை விடுத்துப் புதிதாய்த் தொடங்க முனைந்தன. அவ்வாண்டிலேயே ‘பொசிற்றிவ் ஃபோர்ஸ்’ என்ற இளைஞர் அமைப்பு தோன்றிற்று. தென்னாபிரிக்கத் தூதரகத்தின் முன்னே தகரங்களையும் வாளிகளையும் தட்டி நிறவெறி ஆட்சிக்கெதிராக முழங்கினர். 1991 ஜனவரியிலே, வளைகுடாப் போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், வெள்ளை மாளிகையின் எதிரே ஃபுகாசி பாடிற்று. அவ்வாண்டுக் கோடையிலே ‘ரயட் கேர்ள்’ என்ற பெண்களின் இயக்கம் அந்நகரிலே கூட்டங்கள் நடத்திற்று. பெண்கள் முன்னே வருக, ஆண்கள் பின்னே செல்க என்று ‘பிகினி கில்’ குழுவின் கத்லீன் ஹன்னா மேடையிலிருந்து கேட்டுக்கொண்டார். வாயிலுக்கு உள்ளேயும் ஒரு வாயில் உண்டென்பதை அந்த வேண்டுகோள் வெளிப்படுத்திற்று.

மொழியும் ஒரு வாயில். சிக்காகோ நகரின் பில்சன் பகுதி மெக்சிக்கக் குடியேற்றத்தார் வாழும் இடம். அங்கே 1991இல் தோன்றிய ‘லொஸ் குருடோஸ்’ குழு பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலேயே பாடிற்று. கேட்டவரிற் பலர் அம்மொழி அறியாத வெள்ளையர். ஆதலின் உருகுவேயிலே பிறந்த அதன் பாடகர் மார்ட்டின் சொரொண்டெகி, பாட்டுக்களின் இடையே நின்று பாட்டின் பொருளையும் தம் மக்களின் நிலையையும் ஆங்கிலத்திலே விளக்குவார். விளக்கினாரேயன்றிப் பாட்டின் மொழியை மாற்றவில்லை. தாய்மொழியின் உரிமை என்ன விலையுடையது என்பதை அறிந்த எமது வாசகர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இவையெல்லாம் சிறுவியாபாரியின் சுதந்திரமேயன்றி வேறல்ல என்று நண்பர் ஒருவர் எம்மிடம் வாதிட்டார். அவர் வாதத்திலே நியாயம் உண்டு. வெள்ளை மாளிகையின் முன்னே எழுந்த பாட்டு அந்தப் போரை நிறுத்தவில்லை. பெருங் கம்பனிகளும் 1990களிலே பங்க் இசையை மீண்டும் விற்றுப் பெரும்பொருள் ஈட்டின. கத்தரிக்கோலும் பசையும் கொண்டு ஒரு சமுதாய அமைப்பை மாற்றிவிட முடியாது. ஆயினும் அமைப்பு மாறும் நாள்வரையில் கலைஞன் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. அதற்கு இவர்கள் கொடுத்த விடை பேச்சளவானதன்று. இருபதாண்டு, முப்பதாண்டு நடைமுறையிலே நின்ற விடை.

ஆதலின் நமது எழுத்தாளரோடும் கலைஞரோடும் உரையாடப் புகுவோர்க்கு எமது விண்ணப்பம் ஒன்று உண்டு. எழுத உங்களைத் தூண்டியது எது என்று கேட்பதோடு அமையாதீர்கள். உங்கள் நூலின் விலை என்ன, அதைக் கூலிக்கு உழைப்பவன் வாங்க முடியுமா என்று கேளுங்கள். அச்சுக்கூடத்துத் தொழிலாளிக்கு என்ன கொடுத்தீர்கள், உங்கள் கூட்டத்திலே பெண்கள் எங்கே அமர்ந்திருந்தனர், வாயிலோடு நின்றுவிட்டவர் யார் என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்குவோரும் இருப்பர். அவர்களிடம் அடுத்த ஆண்டும் கேளுங்கள்.