ஒன்பதாவது கேள்வி

அம்மாடி, உங்கள் பல்கலைக்கழகத்து மனநல ஆய்வில் மாணவர் பங்காளியாகச் சேரக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். சேர்ந்துகொள். அதற்கு முன் தாத்தா செய்த ஒரு தவறைக் கேட்டுக்கொள்.

வேலையில் இருந்தபோது விடுதி மாணவர்களிடம் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளைக் கொடுத்தேன். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. தூக்கம், பசி, அலுப்பு என்று போய், ஒன்பதாவது கேள்வி சாவு நினைப்பைக் கேட்கும். அந்த இடத்தில் ஏறக்குறைய எல்லாரும் பூஜ்யம் போட்டிருந்தார்கள். எனக்கு நிம்மதி.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அறைக்கு வந்தாள். "சார், ரோல் நம்பர் எழுதச் சொன்னீங்க. தாளை வாங்கினது வார்டன். யார் சார் உண்மையை எழுதுவா?" போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாள்: "யாராவது 3 போட்டிருந்தா, அன்னிக்கு ராத்திரி அவங்ககிட்ட யார் போயிருப்பீங்க?"

என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடப் படிப்பில் அதை யோசிக்கவே இல்லையே என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

அடுத்த முறை அவளையும் இன்னும் நாலு பேரையும் முதல் நாளே கூட உட்கார வைத்தேன். கேள்விகளின் வாசகத்தில் கை வைக்கவில்லை. வைத்தால் அளவுகோல் கெட்டுவிடும். மற்றதெல்லாம் மாறியது. ரோல் நம்பர் போனது, பூட்டிய பெட்டி வந்தது. தேர்வு வாரம் வேண்டாம் என்றார்கள். அப்போது விடுதியில் தூங்குகிறவர் யார்? பேச விரும்புகிறவர்கள் கிழித்துத் தர ஒரு துண்டுச் சீட்டு. அன்று இரவு ஆலோசகர் விடுதியிலேயே இருந்தார். பூஜ்யங்கள் குறைந்தன.

1969-இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பது நாலாவது படி. பேருக்கு ஒரு நாற்காலி போட்டுச் சமாதானப்படுத்துவது ஐந்தாவது. ஆறாவதுதான் கூட்டு. உன்னை எந்தப் படியில் நிறுத்துகிறார்கள் என்று பார். ஆய்வுத் திட்டம் முடிவான பிறகு கூப்பிட்டால், அது கையெழுத்துக்குக் கூப்பிடுவது. உன் நேரத்துக்கு ஊதியம் உண்டா, கட்டுரையில் உன் பெயர் வருமா என்று கூச்சப்படாமல் கேள். போன வருடம் நீ பட்ட கஷ்டத்தை அங்கே சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை, அது உன்னுடையது.

முதல் கூட்டம் முடிந்ததும் போன் பண்ணு. தாளை யார் வாங்கப் போகிறார்கள் என்று கேட்டுச் சொல்.