2047



2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி 1 கழித்தால் வருவது பகா எண் என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். எழுதினால் 4,10,24,320 இலக்கம்! எனக்கு என்னவோ 2047தான் ஞாபகம் வந்தது.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில், 2-க்கு அடுக்காகப் பகா எண்ணைப் போட்டு 1 கழித்தால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். 3, 7, 31, 127 என்று கரும்பலகையில் வேறு எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், 11 போட்டா 2047 வருது. அது 23 பெருக்கல் 89 சார்" என்றாள். "உட்காரும்மா, திரும்பப் போட்டுப் பாரு" என்றேன்.

வீட்டுக்கு வந்து நான்தான் திரும்பப் போட்டேன். மறுநாள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

மெர்சென் பாதிரியாரே 1644-இல் தவறியவர்தான். அடுக்கு 67-க்கும் பகா எண் வரும் என்றார். இல்லை என்று 1876-இல் லூகாஸ் நிறுவினார், ஆனால் காரணிகளைக் கண்டுபிடிக்காமலே! (அது எப்படி என்று தனியாக எழுதுகிறேன்.) 1903-இல் கோல் என்ற அமெரிக்கர்தான் காரணிகளைக் காட்டினார்: 19,37,07,721 × 7,61,83,82,57,287. கையால் போட்ட கணக்கு. அதே லூகாஸ், அடுக்கு 127-க்கு வரும் 39 இலக்க எண் பகா எண்தான் என்றும் நிறுவியவர்.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதவில்லை. அம்மா, இதைப் படித்தால்... நீ சொன்னதுதான் சரி. எனக்கு அன்று ராத்திரியே தெரியும்.