கிரீன் பே: சைக்கிளில் வரும் ராட்சதர்கள்!

மில்வாக்கியிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் கிரீன் பே. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். ஆனால் 1957-ல் திறந்த அதன் லாம்போ ஃபீல்டு ஸ்டேடியத்தில் இன்று 81,000 பேருக்கு மேல் உட்காரலாம்! இங்குள்ள அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பேக்கர்ஸுக்கு முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள்தான் பங்குதாரர்கள். டிவிடெண்ட்? ஒரு பைசா வராது. பத்திரத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

சீசன் டிக்கெட்டுக்கு வருடக்கணக்கில் வெயிட்டிங் லிஸ்ட். அதனால் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ போங்கள் என்பேன். ஸ்டேடியத்துக்கு எதிரே ரே நிட்ஷ்கி மைதானத்தில் நடக்கும் பயிற்சிகளில் பலவற்றை இலவசமாகவே பார்க்கலாம். உள்ளூர்ப் பிள்ளைகளின் சின்ன சைக்கிளை வாங்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க, ராட்சத வீரர்கள் மிதித்து வருவார்கள். ஹெல்மெட்டைச் சுமந்தபடி வாண்டு பின்னாலேயே ஓடும். கண்கொள்ளாக் காட்சி!

பயிற்சி தொடங்கியதும் பந்தைப் பார்க்காதீர்கள். முன்வரிசை ஐவரைப் பாருங்கள். 'இன்சைட் ஸோன்' என்ற ஆட்டத்தில் ஐவரும் ஒரே பக்கமாக, வலப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம், அடி எடுத்து வைத்து எதிரிகளைத் தள்ளுவார்கள். இடது ஓரத்து எதிரியை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். 'ஆஹா, என்னை மறந்துவிட்டார்கள்' என்று அவர் பந்தைத் துரத்தி உள்ளே பாய்வார். அந்த நேரம் வலப்பக்கம் நின்ற 'டைட் எண்ட்' வீரர், வரிசைக்குப் பின்னால் குறுக்கே ஓடிவந்து, பக்கவாட்டில் 'டமால்'! திறந்த இடைவெளியில் பந்துக்காரர் திரும்பி ஓடிவிடுவார். இதற்குப் பெயர் ஸ்ப்ளிட் ஸோன்.

இரண்டு மூன்று முறை அடி வாங்கியவர் சும்மா இருப்பாரா? அடுத்த முறை டைட் எண்ட் வருவதைப் பார்த்ததுமே தோளைத் தாழ்த்தி மோதத் தயாராவார். அங்கேதான் போக்குக் காட்டும் வேலை. அதே ஓட்டம், அதே முறைப்பு; ஆனால் கடைசி அடியில் மோதாமல் உரசினாற்போல் விலகி ஓடிவிடுவார் டைட் எண்ட். எதிரி காற்றோடு மோதி நிற்க, பந்தைக் கொடுப்பதுபோல் நடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்ட குவார்ட்டர்பேக், காலியான ஓரத்தில் ஓடுவார். அல்லது விலகி ஓடியவருக்கே பந்தை வீசுவார். கபடி பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

இந்த நடிப்புக்கு ஸ்கோர்போர்டில் இடமில்லை. ஆனால் முகாமுக்கு வரும் சுமார் 90 பேரில் சீசனுக்கு மிஞ்சுவது 53 பேர்தான். பொய்யாக ஓடும்போது வேகம் கொஞ்சம் குறைந்தாலும் எதிரிக்குத் தெரிந்துவிடும். பயிற்சியாளருக்கு வீடியோவில் தெரிந்துவிடும். சைக்கிளில் சிரித்துக்கொண்டு வந்த இளைஞருக்கு அது வேலை போகிற விஷயம்.

கிளம்பும் முன் ஸ்டேடியத்துக்குள் இருக்கும் மியூசியத்தையும் பாருங்கள். 1967 டிசம்பர் 31, குளிர் மைனஸ் 25 டிகிரி. டல்லாஸுக்கு எதிரான ஃபைனல் முடிய சில விநாடிகளே பாக்கி. பந்து சக் மெர்சீனுக்கு வரும் என்றுதான் சொந்த அணியினரே நினைத்திருந்தார்கள். குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் அதை யாருக்கும் தராமல் தானே பாய்ந்து ஜெயித்தார். அந்தப் புகழ்பெற்ற படத்தில் மெர்சீன் இரு கைகளையும் தூக்கி நிற்பார். பார்ப்பவர்கள் கொண்டாட்டம் என்றே நினைப்பார்கள். பந்துக்காரரைப் பின்னாலிருந்து தள்ளுவது அப்போது விதிமீறல். 'நான் தள்ளவில்லை' என்று நடுவருக்குக் காட்டினாராம்!