தரங்கம்பாடிக்கு நாலு தடவை

கடலோர ஊர் என்றால் நம்மில் பலருக்கு அது ஒரு நாள் சமாசாரம். லீவு விட்டதும் புளிச்சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வேனில் ஏறுவோம். அலையில் கால் நனைப்போம். குழந்தைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுப்போம். பொழுது சாய்ந்ததும் "பார்த்தாச்சு" என்று கிளம்பிவிடுவோம். வீட்டுக்கு வந்த மருமகளின் குணம் ஒரு நாளில் தெரிந்துவிடுமா, சொல்லுங்கள்? கடலும் அப்படித்தான். நாலு பருவத்திலும் போய்ப் பார்த்தால்தான் அதன் குணம் பிடிபடும்.

எங்களுடையது உடையார்பாளையம். செம்மண்ணும் முந்திரித் தோப்புமான மேட்டுப் பூமி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்களில் கல்லாகிப்போன கிளிஞ்சலும் நத்தை ஓடும் கிடைக்கின்றன. சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன் இங்கேயும் கடல்தான் இருந்ததாம்! இப்போதோ கடலைப் பார்க்க ஜெயங்கொண்டம், அணைக்கரை, மயிலாடுதுறை, திருக்கடையூர் என்று சுமார் நூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

என் தங்கையைத் தரங்கம்பாடிக்கு அடுத்த பொறையாரில் கொடுத்திருக்கிறோம். மார்கழியில் எங்கள் வீட்டில் தலைப்பிரசவம். பங்குனியில் குழந்தையோடு புகுந்த வீடு போனாள். போனில் கூப்பிட்டால் "சரிக்கா, சரிக்கா" என்பதற்கு மேல் பேச்சு வராது. "குழந்தை அழுதாலும் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்காம்மா" என்று சம்பந்தியம்மா வருத்தப்பட்டார். அதைக் கேட்டதும் பஸ் ஏறியவள்தான். அந்த ஒரு வருஷத்தில் நாலு தடவை போய் வந்தேன்.

சித்திரை

சித்திரையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு ஆண்கள் கிழிசல் தைத்துக்கொண்டிருப்பார்கள். பகலில் வெயில் பொசுக்கும். பிற்பகலில் தரை நன்றாகச் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும். அதுதான் கடற்காற்று.

"தரங்கம்பாடியில் ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது" என்று பலரும் சொல்வார்கள். ஓசோன் வானத்தில் உயரே இருந்தால் நமக்குக் குடை. மூக்கருகே இருந்தால் நுரையீரலுக்கு ஆகாது. இங்கே நமக்குக் கிடைப்பது தூசியில்லாத காற்றும் நடக்க இடமும்தான். அதுவே பெரிய விஷயம் இல்லையா?

சாயங்காலம் தங்கையை வலுக்கட்டாயமாக எழுப்பிக் கோட்டைப் பக்கம் மணலுக்குக் கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெள்ளச் சொன்னாள். "அக்கா, நான் இல்லேன்னா இந்தப் புள்ள நல்லா இருக்கும்னு தோணுது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவளைத் திட்டவும் இல்லை, "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்" என்று தள்ளவும் இல்லை. ராத்திரி முழுக்க அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நானுமாக அவளை டாக்டரிடம் அழைத்துப்போனோம். "இது சோம்பேறித்தனமும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. குணமாகக் கூடியது" என்றார் அந்த அம்மாள். பால் கொடுக்கும் தாய் சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதினார். தூக்கம், பேச்சுத்துணை, தினம் கொஞ்சம் நடை, இவையும் மருந்துதான் என்றார். ராத்திரியில் குழந்தையை முறை வைத்துப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

ஆடி

ஆடியில் போனபோது மேல்காற்று மணலை வாரி இறைத்தது. மேற்கிலிருந்து வரும் இந்த வறண்ட காற்றைக் கச்சான் என்கிறார்கள். அது ஓங்கினால் கடற்காற்று நேரங்கழித்துத்தான் கரையேறும். கரையில் நிற்க முடியாத அந்த நாட்களில் ஊருக்குள் நடக்க வேண்டும்.

1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பெரிய வாசலைக் கடந்தால் அரசர் வீதி. தூண் வைத்த தாழ்வாரங்கள், கனத்த சுவர்கள், உயரமான ஜன்னல்கள். 1706ல் வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தாராம். 1712ல் அச்சுயந்திரம் வந்தது. 1715ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. 1719ல் இறந்தபோது அவருக்கு வயது 36தான். அதற்கு முந்தின வருஷம் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது யார் தெரியுமா? தங்கைதான்! தினம் நடந்ததில் அவளுக்கு ஊர் பழகிவிட்டது. முகத்தில் முழுத் தெளிவு வரவில்லை. ஆனால் தலை சீவிப் பூ வைத்திருந்தாள்.

கார்த்திகை

கார்த்திகைக் கடல் வேறு கடல். வாடைக்காற்றில் அலை சுவர் மாதிரி எழும்பி வரும். கோடையிலும் ஆடியிலும் கரையோரம் வடக்கே நகரும் மணல், இந்த மாசங்களில் தெற்கே திரும்பும். பெரிய அலைகள் கரையைக் கரைப்பதும் இப்போதுதான். 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி கடலோடு போய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் ஏட்ரியாட்டிக் கடலோரம் இருக்கும் வெனிஸ் நகரத்துக்கும் இதே கவலைதான். மழையும் குளிருமான மாசங்களில் கடல் ஊருக்குள் புகுந்துவிடும். 2020 முதல் வெள்ளம் வரும்போது இரும்புக் கதவுகளை எழுப்பிக் கடலைத் தடுக்கிறார்கள்.

கோயில் பக்கம் கருவாடு விற்ற ஒரு பாட்டியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தோம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்த சுனாமியில், இந்த ஊரும் சேர்ந்திருந்த அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். "இன்னும் கடலோரமே இருக்கீங்களே, பயமில்லையா பாட்டி?" என்று கேட்டேன். "பயமில்லாம என்ன தாயி! ஒரு வருஷம் தண்ணிப் பக்கமே போகல. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்து வந்து கூப்பிட்டாங்க. ஒரு நாள் கூடை எடுத்தேன்" என்றார்.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "சித்திரையில நீ வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

மாசி

தரங்கம்பாடிக்குப் போக நல்ல காலம் தையும் மாசியும்தான். மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருக்கும். மாசி மகத்தன்று கடலோர ஊர்களில் சாமி தீர்த்தவாரிக்கு வரும். விடியலில் சூரியன் கடலிலிருந்தே எழும்புவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

அந்தத் தடவை என் தங்கை மகன் மணலில் தத்தித் தத்தி நடந்தான். அவளோ மீன்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பால் ஊறட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், பால் கொடுப்பவர்களுக்கு நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களே நல்லது. அவள் நெத்திலிதான் வாங்கினாள், இருபது ரூபாய் குறைத்து!

போகிறவர்களுக்கு

கோடையில் போனால் காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நாலுக்குப் பிறகும் மட்டும் கரைக்குப் போங்கள். குடிதண்ணீர், குடை, குழந்தைக்குத் தொப்பி, மாற்றுத்துணி அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் அலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. குளிக்க இறங்கவே கூடாது. மற்றக் காலத்திலும் குழந்தையின் கையை விடாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நம்மைப் போன்ற நாடுகளில் ஐந்து தாய்மாரில் ஒருத்திக்கு இந்த மனச்சோர்வு வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் தலைகாட்டினால், அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் தங்கையோ மகளோ தோழியோ பிள்ளை பெற்று வெளியூரில் இருந்தால், சீர்வரிசையோடு ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தது போதாது. மழையிலும் காற்றிலும்கூட ஒரு நடை போய் வாருங்கள். கடலை நீங்கள் நாலு பருவத்திலும் பார்த்த மாதிரியும் இருக்கும், அவளுக்கும் ஒரு துணை வந்த மாதிரி இருக்கும்.