லிங்க்டு லிஸ்டும் அம்மாவின் குழு நோட்டும்

பி.காம். சி.ஏ. படிக்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. காமர்ஸ் பசங்க "நீ கம்ப்யூட்டர்டா" என்பார்கள். கம்ப்யூட்டர் பசங்க "நீ காமர்ஸ்டா" என்பார்கள். அப்படி இரண்டு பக்கமும் சேராத ஒரு மூன்றாம் வருட மாணவன், படித்ததை வைத்து வீட்டுக்கு ஏதாவது உருப்படியாகச் செய்யலாம் என்று கிளம்பிய கதை இது.

அவனுடைய அம்மா ஊரில் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றில் பொருளாளர். மொத்தம் 12 பேர். மாதம் ஒருவருக்கு, சேமிப்புப் பணத்திலிருந்து உள்கடன். யாருக்கு முதலில் என்பதை ஆரம்பத்திலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். கடன் வாங்கியவர் பெயர் கடைசிக்குப் போகும், அடுத்தவர் முதலுக்கு வருவார். அம்மா ஒவ்வொரு மாதமும் 12 பெயரையும் புதிதாகக் கையால் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போவார்.

அந்த வாரம்தான் லேபில் சி மொழியில் லிங்க்டு லிஸ்ட் நடத்தியிருந்தார்கள். தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு நோடிலும் ஒரு பெயர் இருக்கும், அடுத்த நோடு எங்கே இருக்கிறது என்ற முகவரியும் இருக்கும். கடைசி நோடில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'நல்', அதாவது இதற்கு மேல் யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால் 12 பெயருக்கு ஒரு அர்ரே போதும். எந்த எண்ணிலிருந்து படிப்பது என்று மாற்றினாலே வேலை முடிந்தது. ஆனால் புதிதாக சைக்கிள் கற்றவன் பக்கத்துக் கடைக்கு நடந்தா போவான்?

(இந்த லிஸ்ட் சமாச்சாரத்தை 1955-56 வாக்கில் கொண்டுவந்தவர்கள் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் என்ற மூவர். அந்த சைமன்தான் 1978-ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர், மேனேஜ்மென்ட் பேப்பரில் முடிவெடுத்தல் பாடத்தில் வருகிறவர். ஆகவே காமர்ஸ் பையன் லிங்க்டு லிஸ்டைத் தொட்டது ஒன்றும் அத்துமீறல் இல்லை!)

வரிசையைச் சுழற்றுவது பூச்சரத்து வேலை மாதிரி. சரத்தை ஒரு இடத்தில் வெட்டிவிட்டு, அதன் பழைய இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் போதும். பூ எதையும் பிய்க்க வேண்டாம். முதல் பக்கம் எழுதி எத்தனை மாதம் ஆயிற்றோ அதுதான் 'கே'. கே-யாவது பெயருக்குப் பின்னால் வெட்டு விழ வேண்டும். ஒரு மாதம் என்றால் முதல் பெயருக்குப் பின்னால்.

அரை மணி நேரத்தில் எழுதிவிட்டான். ஓடியது. எரர் இல்லை. பெயர்களை எண்ணிப் பார்த்தான், 12 இருந்தது. பிரின்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டத்தில் அந்தத் தாளைப் படித்தார்கள். இரண்டாவதாக இருந்த அக்கா, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட அந்த மாதத்தைத்தான் நம்பியிருந்தவர். அவர் பெயர் கடைசியில் இருந்தது. முதலில் இருந்தது யார் தெரியுமா? பழைய வரிசையில் மூன்றாவது ஆள், அம்மாவின் சொந்த நாத்தனார்.

"என்னக்கா, என் பேரு கடைசில கெடக்கு?" என்று மட்டும்தான் அவர் கேட்டாராம். சத்தம் போடவில்லை. அம்மா நோட்டை விரித்து முதல் பக்கத்தைக் காட்டி, அவருக்கே கடனைக் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் "கம்ப்யூட்டர்ல போட்டா தப்பு வருமா என்ன?" என்று ஒருத்தர் கேட்டதும், நாலு பேர் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்ததும் நடந்துவிட்டதே. அன்று இரவு அம்மா திட்டவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "அடுத்த மாசம் நானே எழுதிக்கறேன் தம்பி" என்றார். திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை புரோகிராமைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பனிடம் போனான். நண்பன் கம்ப்யூட்டரையே தொடவில்லை. டீக்கடைக் காகிதத்தில் மூன்று கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தான். "பன்னிரண்டு பேர் வேணாம், மூணு பேர் போதும். நீதான் கம்ப்யூட்டர். ஒவ்வொரு வரியா கையால நகத்து."

நகர்த்தினான். லூப் பூஜ்யத்தில் தொடங்கி கே வரும்வரை ஓடுகிறது. கே ஒன்று என்றால் ஒரு தடவைதான் ஓடும், சரிதானே? சரியில்லை. ஏற்கெனவே முதல் நோடில் நின்றுகொண்டுதான் அந்த ஒரு அடியை எடுத்து வைக்கிறோம். போய் நிற்பது இரண்டாவது நோடில். வெட்டு அதற்குப் பின்னால் விழுகிறது. ஒரே ஒரு அடி கூடுதல், ஒருத்தருக்கு 11 மாதம் காத்திருப்பு.

"கே பூஜ்யம்னா?" என்றான் நண்பன். ஒன்றுமே நகரக்கூடாது, ஆனால் ஒரு பெயர் நகர்ந்தது. "மூணு பேர்ல கே ரெண்டுன்னா?" வெற்றுத்தாள். "மூணுன்னா?" செக்மென்டேஷன் ஃபால்ட். இத்தனையும் முதல் நாளே அந்தப் புரோகிராமுக்குள் இருந்தவைதான். யாரும் கேட்காததால் சும்மா இருந்தன, அவ்வளவே.

லூப்பை ஒன்றில் தொடங்க வைத்துத் திருத்தினான். மூன்று பேரை வைத்து கே பூஜ்யம், ஒன்று, இரண்டு எல்லாம் போட்டுப் பார்த்தான். பூஜ்யத்துக்கு மட்டும் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டினான். அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. "ஒரு வருசம் முடிஞ்சா மறுபடி மொதப் பக்கம் மாதிரியே வரணும்ல? அத போட்டுக் காட்டு" என்றார்.

கே-க்கு 12 கொடுத்தான். வெற்றுத்தாள்!

பன்னிரண்டாவது நோடுக்குப் பின்னால் வெட்டினால் புதிய ஆரம்பம் நல். அங்கிருந்து அச்சடிக்கச் சொன்னால் என்ன வரும்? கே-யை 12-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், மீதி பூஜ்யம் என்றால் லிஸ்டைத் தொடக்கூடாது. 13-ம் ஒன்றுதான், 25-ம் ஒன்றுதான். லீட்கோடில் 61-வது கணக்கு இதேதான். லிஸ்டில் அதிகபட்சம் 500 நோடு, ஆனால் கே 200 கோடி வரை போகலாம் என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பெயராக 200 கோடி தடவை நகர்த்துகிறவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மீதி எடுத்தால் 499 அடிக்கு மேல் கே போகாது. ஒரு எச்சரிக்கை: அந்தக் கணக்கில் கடைசிப் பெயர் முதலுக்கு வரும். அங்கிருந்து அப்படியே காப்பி அடித்திருந்தால் குழுவில் கதை இன்னும் நாறியிருக்கும்.

வகுத்ததை நண்பனுக்கு போனில் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி, "லிஸ்ட்ல யாருமே இல்லேன்னா?" பூஜ்யத்தால் வகுக்க முடியாதே. புரோகிராம் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்' என்று சொல்லிவிட்டுச் செத்தது. அதில் ஃப்ளோட்டிங் பாயின்ட்டே கிடையாது, எல்லாம் முழு எண். லினக்ஸ் அதற்கும் அதே பெயரைத்தான் சொல்லும். அதற்கும் ஒரு வரி சேர்ந்தது.

அதற்கப்புறம் நாலு மாதம் அம்மா கையாலும் எழுதினார், பிரின்ட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தாளை மடிப்பார். வித்தியாசம் வரவில்லை.

போன வாரம் ஒரு புதுச் செய்தி. குழுவில் இன்னும் இரண்டு பேர் சேருகிறார்களாம். "கடைசியில சேத்துடறேன்மா" என்று முதல் பக்கத்து லிஸ்டின் வாலில் ஒட்டவைத்தான். அச்சடித்தால் அந்த இருவரும் நடுவில் வந்து நின்றார்கள். பன்னிரண்டாவது ஆளுக்குப் பின்னால், ஏற்கெனவே கடன் வாங்கிய ஐந்து பேருக்கு முன்னால். சுழற்றிய பிறகு ஒட்டவைத்தால் அந்த ஐந்து பேருக்கும் பின்னால் போவார்கள். இரண்டுமே ஒரு வகையில் கடைசிதான். எது சரி?

"அத நீயும் நானும் சொல்ல முடியாது தம்பி, கூட்டத்துலதான் கேக்கணும்" என்றார் அம்மா. கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை. அதுவரை புரோகிராம் அப்படியே கிடக்கிறது.